காற்று மட்டும் வரும் ஏசி தொடர்பாக

அனுப்புநர்:
ஆ. சொர்ணம் (வயது 41),
க/பெ. ஆத்மநாதன்,
பட்டுக்கோட்டை சாலை பின்புறம்,
அறந்தாங்கி, புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
புதுக்கோட்டை.

பொருள்: ஏசி பழுது பார்ப்பதாகச் சொல்லி எங்கள் வீட்டுக்கு ஓராண்டாக வந்து போய்க்கொண்டிருக்கும் பனிமலர் ஏர்கூல் நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுக்கவும், உண்மையைச் சொன்ன குற்றத்துக்காக வேலை இழந்த அதன் ஊழியருக்கு நியாயம் கிடைக்கவும் வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பொருளில் 'ஏசி' என்ற சொல்லைப் பார்த்ததும் இந்த மனுவைத் தாங்கள் அடியில் வைத்துவிடக்கூடும். வைத்தால் நான் தவறு சொல்ல மாட்டேன். திங்கட்கிழமைதோறும் தங்களைப் பார்க்க வருகிறவர்கள் பட்டாவுக்கும் குடிநீருக்கும் உதவித்தொகைக்கும் வருகிறார்கள். அந்த வரிசையில் ஒருத்தி நின்றுகொண்டு எங்கள் வீட்டு ஏசி குளிரவில்லை என்று சொன்னால் முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார், பின்னால் நிற்பவர் சிரிப்பார். மூன்று வருடத்துக்கு முன்பு நானே சிரித்திருப்பேன். ஆகவே நாங்கள் எப்படி ஏசி வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிய மனிதர்கள் ஆனோம் என்பதை முதலில் தெரிவித்துவிடுகிறேன்.

2. என் கணவர் ஆத்மநாதன் வளைகுடா நாடு ஒன்றில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலையில் இருந்தார். ஒரு நாள் சாரத்திலிருந்து விழுந்தார். கழுத்தெலும்பு முறிந்து தண்டுவடம் நசுங்கிவிட்டது. கைகளை ஓரளவு தூக்குவார். தோளுக்குக் கீழே எதுவும் அவர் சொல்வதைக் கேட்பதில்லை. அந்தக் கேட்காத காரியங்களில் வியர்ப்பதும் ஒன்று என்று தஞ்சாவூர் மருத்துவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நமக்கெல்லாம் வெயில் ஏறினால் உடம்பு வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். அவர் உடம்புக்கு அது முடியாது. அறை எவ்வளவு சுடுகிறதோ அவ்வளவு அவரும் சுடுவார். அந்த மருத்துவர் என்னிடம் சொன்னது இதுதான்: "காய்ச்சலுக்கு மாத்திரை குடுத்துருவேன்மா. வெயிலுக்கு என்கிட்ட மாத்திரை இல்ல. ரூமைக் குளுமையா வச்சுக்கங்க."

3. எங்கள் ஊரில் சித்திரை மாதம் ரூமைக் குளுமையாக வைத்துக்கொள்வது எப்படி என்று தங்களுக்குத் தெரிந்திருக்கும். முதல் வருடம் ஈரத் துண்டு போட்டோம். செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை வைத்து அவர் மேல் தெளித்தேன். காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் துண்டு காயவும் இல்லை, அவர் குளிரவும் இல்லை. அவருடன் வெளிநாட்டில் ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள் சேர்ந்து பணம் அனுப்பினார்கள். அதில் வாங்கியதுதான் இந்த ஏசி. வசதிக்கு வாங்கவில்லை. மற்ற வீடுகளில் மருந்து அலமாரியில் இருக்கிறது, எங்கள் வீட்டில் சுவரில் மாட்டியிருக்கிறது.

4. சென்ற ஆண்டு மாசியில் பனிமலர் ஏர்கூல் விற்பனை நிலையத்தில் வாங்கினோம். விற்பதும், மாட்டுவதும், பழுது பார்ப்பதும் அவர்களே. நிலையத்தின் மேலாளர் திரு. எழிலரசன் அன்று எங்களுக்குக் குளிர்பானம் வாங்கிக் கொடுத்து, "இனி ஒங்க வீடு கொடைக்கானல்தான் மேடம்" என்றார். அந்தக் கோடை முழுவதும் அப்படித்தான் இருந்தது என்பதை நன்றியுடன் பதிவு செய்கிறேன். என் கணவர் வெகு காலத்துக்குப் பிறகு மதியத்தில் தூங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ரவிக்கை தைத்தேன். அது எங்கள் பொற்காலம்.

5. ஆடி மாதம் ஏசியிலிருந்து காற்று மட்டும் வந்தது. புகார் சொன்னதும் மெக்கானிக் சரவணக்குமார் என்பவர் வந்து பார்த்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். நிமிர்ந்து பேச மாட்டார். "கேஸ் கொறஞ்சிருச்சுக்கா, அடிக்கணும்" என்றார். ஒரு வருட வாரண்டி இருக்கிறதே என்றேன். வாரண்டி இயந்திரத்துக்குத்தானாம், கேஸ் இயந்திரம் இல்லையாம். அப்படியானால் கேஸ் இல்லாமல் இயந்திரம் ஓடுமா என்று அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டேன். ஓடாது என்றார்கள். எவ்வளவு தெளிவான விளக்கம் என்று வியந்து பணத்தைக் கட்டினேன்.

6. கார்த்திகையில் மறுபடியும் காற்று மட்டும் வந்தது. இந்த முறை, கடல் காற்று பட்டு வெளியே இருக்கும் பெட்டியின் 'காயில்' என்ற குழாய்ச் சுருள் அரித்துவிட்டது என்றும், அதனால் கேஸ் இறங்குகிறது என்றும், மேலே ஏதோ பூச வேண்டும் என்றும் சொன்னார்கள். கடல் எங்கள் வீட்டிலிருந்து பேருந்து ஏறிப் போக வேண்டிய தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் காற்று வழியில் வேறு எந்த வீட்டுக்கும் போகாமல் நேராக எங்கள் ஏசியைத் தேடி வந்திருக்கிறது. வந்த காற்று ஜன்னல் வழியாக உள்ளேயும் கொஞ்சம் எட்டிப் பார்த்திருந்தால் நாங்கள் ஏசியே வாங்கியிருக்க மாட்டோம். பூசினார்கள். கேஸும் அடித்தார்கள். இரண்டுக்கும் தனித்தனியாகப் பணம் வாங்கினார்கள்.

7. பங்குனியில் பல்லி. உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டுக்குள் பல்லி புகுந்து செத்துவிட்டதாகவும், ஜீவராசிகளால் ஏற்படும் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்றும் சொல்லிப் புதிய போர்டு போட்டார்கள். செத்த பல்லியைக் காட்டுங்கள் என்று கேட்டேன். அதை எடுத்துப் போட்டுவிட்டோம் என்றார்கள். இவ்வளவு விலையுள்ள பல்லியை ஒரு தடவையாவது பார்த்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. போர்டு மாற்றிய கையோடு, "கேஸும் கொஞ்சம் கம்மியா இருக்குக்கா" என்றார் சரவணக்குமார். அப்போதும் என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். என் தோடு அன்று அடகுக் கடைக்குப் போனது. ரசீதுகளை இணைத்திருக்கிறேன். கூட்டிப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. தங்கள் அலுவலகத்தில் யாராவது மன உறுதி உள்ளவர் கூட்டிக்கொள்ள வேண்டுகிறேன்.

8. கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் ஏசி குளிர்வதே மொத்தமாக நின்றுவிட்டது. நிறுவனத்தின் புகார் எண்ணுக்குப் போன் செய்தேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன். புல்லாங்குழல் வாசித்தார்கள். நன்றாகவே வாசித்தார்கள். நடுநடுவே ஒரு பெண், எங்கள் அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியமானது என்று கனிவோடு சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒருவர் பேசினார். இது சீசன் நேரம், ஒரு வாரம் ஆகும் என்றார். என் கணவரின் உடல்நிலையைச் சொன்னேன். "புரியுது மேடம், நோட் பண்ணிக்கிறேன்" என்றார். நோட் செய்துகொண்டார் என்றே நம்புகிறேன்.

9. அடுத்த நாள் மதியம் என் கணவர் பேச்சு குழறினார். என்னை அவர் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நெற்றியில் கை வைத்தேன், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் தொட்டது போல் இருந்தது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. தெருவில் ஆட்டோ ஓட்டும் பழனிச்சாமி ஓடி வந்து அவரைத் தூக்கினார். போகும் வழியெல்லாம் தண்ணீர்க் குடத்தைச் சாய்த்து அவர் மேல் ஊற்றிக்கொண்டே போனேன். மருத்துவமனையில் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸ் வைத்தார்கள். மாலை வரை நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அந்தக் காலுக்கு நான் பிடித்திருப்பது தெரியாது. எனக்கு வேறு எதைப் பிடிப்பது என்று தெரியவில்லை. இருட்டும் நேரத்தில் கண் திறந்து, "ஏசி ஆளு வந்தாங்களா" என்று கேட்டார்.

இந்தப் பத்தியில் கிண்டலாக எழுத எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மன்னிக்கவும்.

10. இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வெயிலில் இருக்கவே கூடாது என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். வெளியே வந்து ஆட்டோவில் ஏற்றிய பிறகுதான் யோசித்தேன், எங்கே போவது என்று. வீட்டில் ஓட்டுக் கூரை கொதித்துக்கொண்டிருக்கும். அப்போது ஆட்டோ பனிமலர் ஏர்கூல் வாசலைத் தாண்டியது. கண்ணாடிக் கதவு. உள்ளே வரிசையாக ஏசிகள் ஓடிக்கொண்டிருந்தன. கதவில் 'உள்ளே வாருங்கள், குளிர்ச்சியை உணருங்கள்' என்று எழுதியிருந்தது. இவ்வளவு மரியாதையாக அழைக்கிறார்களே என்று, "இங்கிட்டு நிறுத்துங்க" என்றேன். பழனிச்சாமிக்குப் புரியவில்லை. "என்ன மதினி, இங்கயா?" என்றார். இங்கேதான் என்றேன்.

11. சக்கர நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு போனோம். திரு. எழிலரசன் எங்களை அடையாளம் தெரியாமல், "வாங்க மேடம், எந்த மாடல் பாக்குறீங்க?" என்று எழுந்து வந்தார்.

"நாங்க வாங்குன மாடலேதாங்க. ஓடுறப்ப எப்புடி இருக்கும்னு பாக்கலாம்னு வந்தோம்" என்றேன்.

அதற்குப் பிறகு அடையாளம் தெரிந்துவிட்டது. வாடிக்கையாளர்களுக்காகப் போட்டிருந்த சோபாவில் அவரைக் கிடத்தினோம். அவர் மூத்திரப் பையை சோபாவின் காலில் மாட்டினேன். அது பக்கத்தில் இருந்த புதிய மாடல் ஏசியின் அழகைக் கெடுப்பதாக மேலாளர் அபிப்பிராயப்பட்டார். ஏசியைத் தள்ளி வைத்துக்கொள்ளும்படி நான் தாழ்மையுடன் கேட்டுக்கொண்டேன். மாலை கடை மூடும்வரை இருந்தோம். என் கணவர் நன்றாகத் தூங்கினார். பொழுது சாய்ந்து சூடு இறங்கிய பிறகு வீட்டுக்குப் போனோம். மறுநாள் கடை திறக்கும்போது வாசலில் நின்றோம்.

12. இரண்டாம் நாள் அவர்கள் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட்டார்கள். தேவிப்ரியா என்ற பெண் காவலர் வந்தார். சந்தையில் பாதுகாப்புப் பணி பார்த்துவிட்டு நேராக வந்ததால் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அத்துமீறி நுழைந்து வியாபாரத்தைக் கெடுக்கிறார்கள் என்று மேலாளர் சொன்னார். நான் நடந்ததைச் சொன்னேன். காவலர் தொப்பியைக் கழற்றிவிட்டு, இருப்பதிலேயே பெரிய ஏசியின் கீழே சற்று நேரம் நின்றார். பிறகு மேலாளரிடம் சொன்னார்: "கடை தொறந்துதாங்க இருக்கு. இவங்க ஒங்க கஸ்டமருதான். ஒக்காந்திருக்காங்க. இதுல நான் என்னன்னு எழுதுறது?" போகும்போது, "அண்ணனுக்கு மோரு கீரு குடுங்கக்கா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். காவல்துறையின் சேவையைப் பாராட்டி இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

13. நாங்கள் யாருடைய வியாபாரத்தையும் கெடுக்கவில்லை. சத்தம் போடவில்லை. பதாகை பிடிக்கவில்லை. வருகிறவர்கள் என் கணவரைப் பார்த்து விசாரித்தார்கள், அவர் பதில் சொன்னார், அவ்வளவுதான். மூன்றாம் நாள் மகள் கல்யாணச் சீருக்கு ஏசி பார்க்க வந்த வல்லத்திராக்கோட்டைக்காரர் ஒருவர், "மிசினு எப்புடிங்க?" என்று கேட்டார். என் கணவர் யாரையும் குறை சொல்லத் தெரியாதவர். "மிசினு அருமையா இருக்குங்க. ரிப்பேராகாத வரைக்கும்" என்றார். அந்தப் பெரியவர் அட்வான்ஸ் கொடுக்க எடுத்த பணத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். மேலாளருக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

14. அந்த நேரம் சரவணக்குமார் ஏதோ சாமான் எடுக்க உள்ளே வந்தார். மேலாளர் அவரைக் கூப்பிட்டு, எல்லார் முன்னிலையிலும், "இவங்க வீட்ல கதவத் தொறந்து போட்டுக்கிட்டு ஏசி ஓட்டுறாங்க. அதான் ப்ராப்ளமே. சரவணா, நீதான போன, நீயே சொல்லு" என்றார். உண்மையைச் சொன்னால், நானும் அதைத்தான் அவர் சொல்வார் என்று நினைத்தேன். ஒரு வருடமாக அவரைக் காணும்போதெல்லாம் மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

சரவணக்குமார் சோபாவில் படுத்திருந்த என் கணவரைப் பார்த்தார். மேலாளர் பக்கம் திரும்பி, "கதவெல்லாம் சாத்தித்தான் சார் இருக்கும்" என்றார். "பைப்பு சேர்ற எடத்துல நட்டு சரியா ஒக்காரல. நாம மாட்டுனப்பவே அப்புடித்தான். அதுலதான் கேஸ் போயிட்டே இருக்கு."

"அப்ப ஏன் சரி பண்ணல?" என்று கேட்டது மேலாளர் இல்லை. வல்லத்திராக்கோட்டைக்காரர்.

"லீக்க அடச்சா நாம மாட்டுனது தப்புன்னு ஆகிரும், கம்பெனி செலவு. கேஸ் அடிச்சா கஸ்டமர் செலவு. லீக்கு தேடாத, கேஸ அடிச்சுட்டு வான்னு மீட்டிங்ல சொன்னது நீங்கதான சார்" என்றார் மேலாளரிடம். கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, கடல் காற்றும் பல்லியும்கூட அப்படித்தான் என்றும் சொன்னார்.

ஐயா, அந்தக் கடையில் அப்போது எத்தனை ஏசி ஓடியது என்று தெரியாது. அவ்வளவு ஓடியும் மேலாளர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

15. அன்று மாலையே சரவணக்குமாரை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வெளியே இருக்கும் பெட்டியின் பின்னால் குழாய் சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தடவினார். குமிழி வந்தது. பிள்ளைகள் ஊதி விளையாடுகிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் குமிழி. ஓராண்டு எங்கள் தோடும் தூக்கமும் அந்த வழியாகத்தான் போயிருக்கின்றன. எனக்கு அழுகை வரவில்லை. அவர் கன்னத்தில் ஒன்று விட வேண்டும் போலிருந்தது. "இத அன்னைக்கே பண்ணியிருக்கலாம்ல தம்பி" என்றேன். "பண்ணியிருக்கலாம்க்கா" என்றார். சாக்குச் சொல்லவில்லை. இணைப்பை அவிழ்த்துப் புதிதாகச் செய்து இறுக்கிக் கேஸ் நிரப்பினார். மறுபடி சோப்புத் தண்ணீர் தடவியபோது குமிழி இல்லை. அறை குளிர்ந்தது. இன்றுவரை குளிர்கிறது.

16. 'ஏசிதான் ஓடுகிறதே, பிறகு மனு எதற்கு' என்று தாங்கள் கேட்கலாம். என் மனுவைத் தட்டச்சு செய்து கொடுத்தவரும் இதையே கேட்டார்.

ஏசி சரியானதற்கு மறுநாள் காலை திரு. எழிலரசன் இனிப்புப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். முதன்முறையாக வருகிறார். உள்ளே வந்து உட்கார்ந்து, "நல்லா கூலிங் இருக்கே" என்று மகிழ்ந்தார். பிறகு ஒரு காகிதத்தை எடுத்தார். எங்களுக்காக அவர்களே சிரமப்பட்டு எழுதிக்கொண்டு வந்த புகார் அது. மெக்கானிக் சரவணக்குமார் நிறுவனத்துக்குத் தெரியாமல் தேவையில்லாத வேலைகளைச் செய்து எங்களை ஏமாற்றிவிட்டதாக நாங்கள் குற்றம் சாட்டுகிறோமாம். அவரை வேலையை விட்டு நீக்கிவிட்டதாகவும், நான் கையெழுத்துப் போட்டால் இதுவரை வாங்கிய பணம் முழுவதும் திரும்ப வரும், ஐந்து வருடத்துக்குச் சர்வீஸ் இலவசம் என்றும் சொன்னார். பணம் வாங்கும்போது ஒவ்வொரு முறையும் ரசீது கொடுத்தது அவர்கள் நிறுவனம். ஏமாற்றியது மட்டும் சரவணக்குமார். வேலைப் பிரிவினை நன்றாக இருந்தது.

17. நான் பேனாவை வாங்கினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. தோடு நினைவுக்கு வந்தது. அடுத்த கோடையும் நினைவுக்கு வந்தது. அந்த ஆள் ஒன்றும் யோக்கியர் இல்லையே, தெரிந்தேதானே செய்தார் என்று என் மனது எனக்கு நன்றாக எடுத்துச் சொன்னது.

என் கணவர் கட்டிலில் இருந்தபடியே, "சொர்ணம், போடாத" என்றார்.

மேலாளர், "சார், ஒங்க நல்லதுக்குத்தான்" என்றார்.

அவர் மேலாளரைப் பார்க்காமல் என்னிடமே சொன்னார்: "நான் விழுந்தன்னைக்கு, பெல்ட்டு போடாம ஏறிட்டான்னு எம்மேல எழுதிட்டாங்க. பெல்ட்டே குடுக்கல. கூட நின்ன நாலு பேருகிட்டயும் அதுல கையெழுத்து வாங்குனாங்க. அவங்களும் பொழைக்கணும்ல, போட்டுட்டாங்க. அதான் எனக்கு ஒண்ணும் வரல. பெறகு அந்த நாலு பேரும் சேந்துதான் இந்த ஏசிக்குக் காசு அனுப்புனாங்க."

மூன்று வருடத்தில் அவர் இதை என்னிடம் சொன்னதில்லை. நிறுவனம் ஏன் இழப்பீடு தரவில்லை என்று கேட்கும்போதெல்லாம், அந்த நாட்டுச் சட்டம் அப்படி என்று சொல்லியிருந்தார். பணம் அனுப்பியவர்களுக்கு நான் போனில் நன்றி சொன்னபோது அவர்கள் ஏன் அவ்வளவு அவசரமாகப் போனை வைத்தார்கள் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. அவர்கள் மேல் என் கணவருக்குக் கோபம் இல்லை. எனக்கும் இப்போது இல்லை. பேனாவை மூடித் திரு. எழிலரசனிடம் கொடுத்தேன். நிதானமாக யோசித்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டு கிளம்பினார். இனிப்புப் பெட்டியை மறந்துவிட்டுப் போனார். பழனிச்சாமியிடம் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

18. நான் கையெழுத்துப் போடாததால் நிறுவனத்துக்கு ஒரு சிரமமும் ஏற்படவில்லை. சரவணக்குமார் வாடிக்கையாளர் பணத்தைத் தின்றுவிட்டார் என்று அறந்தாங்கியில் உள்ள மற்ற ஏசிக் கடைகளுக்கெல்லாம் வாய்மொழியாகவே சொல்லிவிட்டார்கள். எந்தக் கடையும் அவரைச் சேர்க்கவில்லை. இப்போது பந்தல் போடும் ஆட்களோடு போய்க் கம்பத்தில் ஏறிக்கொண்டிருக்கிறார். சென்ற வாரம் தெருவில் பார்த்து நானே நிறுத்திப் பேசினேன். "பரவால்லக்கா, பழகிரும்" என்றார். வீட்டில் வந்து இதைச் சொன்னேன். என் கணவர் அன்று மதியம் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார்.

19. சரவணக்குமார் செய்தது சரி என்று நான் வாதாடவில்லை. ஓராண்டு எங்களுக்குப் பொய் சொன்னார். ஆனால் அந்தப் பொய்யால் அவருக்குக் கிடைத்தது மாதச் சம்பளம் மட்டுமே. ஒரு நாள் உண்மை சொன்னதால் அதுவும் போனது. பொய்யைச் சொல்லிக் கொடுத்தவர் இன்றும் அதே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் கொடைக்கானலை விற்றுக்கொண்டிருக்கிறார். இந்த ஏற்பாடு தங்கள் மாவட்டத்தில் தங்களுக்குத் தெரியாமல் நடப்பது சரியல்ல என்றுதான் எழுதுகிறேன்.

20. ஆகவே தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது:

மாட்டும்போது செய்த தவறை மறைக்க எங்களிடம் வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தரும்படி நிறுவனத்துக்கு உத்தரவிட வேண்டும். கடல் காற்றுக்கும் பல்லிக்கும் உரிய தொகையை அந்தந்தத் தரப்பிடம் அவர்கள் வசூலித்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

பழுது பார்க்க வருகிறவர்கள் என்ன பழுது, எதனால் வந்தது, இது யார் செலவு என்பதை எங்களுக்குப் புரியும் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்று எல்லாக் கடைகளுக்கும் தாங்கள் அறிவுறுத்த வேண்டும்.

என் கணவரைப் போல ஏசி இல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் இருப்பவர்கள் இந்த மாவட்டத்தில் வேறு சிலரும் இருப்பார்கள். மருத்துவச் சான்று காட்டினால் சீசன் என்று சொல்லாமல் அன்றைக்கே ஆள் அனுப்ப வேண்டும். புல்லாங்குழலை மற்றவர்களுக்கு வாசிக்கட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, சரவணக்குமார் மேல் பரப்பிய பழி பொய் என்று நிறுவனம் எழுத்தில் தர வேண்டும். அவருக்கு அங்கே மீண்டும் வேலை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. வேறு கடையில் போய் நிற்கும்போது அவர் தலை நிமிர்ந்து நிற்க அந்தக் காகிதம் போதும். முதல் கோரிக்கையையும் இதையும் சேர்த்துக் கொடுக்க இயலாது, ஏதாவது ஒன்றுதான் என்று ஆனால், இதைக் கொடுங்கள். தோடு இல்லாமல் இருக்க எனக்குப் பழகிவிட்டது.

21. ரசீதுகளின் நகலும் மருத்துவச் சான்றின் நகலும் இத்துடன் வைத்துள்ளேன். தட்டச்சு செய்தவர், அதிகாரிகளுக்குப் போகும் மனுவில் சில வரிகள் இப்படி இருக்கக் கூடாது, எடுத்துவிடலாம் என்று சொன்னார். எந்த வரிகள் என்று கேட்டேன். அவர் காட்டியவை எல்லாம் நடந்தவையாக இருந்ததால் எடுக்கவில்லை. தங்கள் மனம் புண்படும்படி ஏதும் இருந்தால் பொறுத்தருள்க.

22. விசாரணைக்கு அழைத்தால் நாங்கள் மூவரும் வருகிறோம். நான் எழுதியது போதும், கடையில் நடந்ததைத் தானே தங்களிடம் சொல்ல வேண்டும் என்று என் கணவர் விரும்புகிறார். வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பும்படி காலையில் முதல் ஆளாக எங்களைக் கூப்பிட வேண்டுகிறேன். சரவணக்குமார் பெரிய அதிகாரிகள் முன்னால் பேசிப் பழகாதவர். நிற்க வைத்துக் கேட்டால் தரையைப் பார்த்தபடியே 'ஆமாங்க' என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். அவருக்கு மட்டும் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள். என் கணவர் தம்முடையதைத் தாமே கொண்டு வருவார்.

இடம்: அறந்தாங்கி
நாள்: 02.06.2025

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) ஆ. சொர்ணம்